தறிக் குழியும் கால் வீக்கமும்

நெசவாளர் சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் நமக்கு, அங்கத்தினர் வீடுகளில் ஓடும் தறிகளை நேரில் காணும் கடமையும் உண்டு. அவ்வீடுகளில் கர்ப்பிணிகள் குழித்தறியில் அமர்ந்து மிதிப்பதையும், ராட்டையில் தார் சுற்றுவதையும் காண்கிறோம். கால் வீங்கியிருப்பதைப் பற்றி வினவினால், “குழியில் காலைத் தொங்கவிடுவதால்தான்” என்ற விடையே வருகிறது. பெரும்பாலும் அது சரியே. ஆயினும் எல்லா வீக்கத்தையும் தறியின் பற்றில் எழுதிவிடலாகாது.

வளரும் கருப்பை இடுப்பிலுள்ள இரத்தக் குழாய்களை அழுத்துவதால், கால்களிலிருந்து இரத்தம் மேலேறத் தாமதமாகிறது. ஆகவே மாலையில் கணுக்கால்கள் வீங்கி, இரவு படுத்தெழுந்ததும் வற்றுவது இயல்பு. மணிக்கொரு முறை குழியைவிட்டு எழுந்து நடப்பதும், இடப்புறமாக ஒருக்களித்துப் படுப்பதும் நலம் தரும். வீக்கத்திற்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது பயனற்றது. மசக்கை, நெஞ்செரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிதல் ஆகியனவும் பொதுவாக இயல்பானவையே. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பதைக் கண்டு அதனை நிறுத்திவிடுவோரும் உளர். அது வீண் அச்சம்.

20 வாரங்களுக்குப் பின் திடீரென முகமும் கைகளும் வீங்குவது அவ்வாறன்று. அதனுடன் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் இரத்த அழுத்தம் மிகுந்திருக்கலாம். கவனியாது விட்டால் வலிப்புக் கண்டு தாய், சேய் இருவர் உயிருக்குமே ஆபத்து. தொடக்கத்தில் இவ்வழுத்தம் யாதோர் உபாதையும் தராதிருத்தலும் உண்டு. கருவி கொண்டு அளந்தாலன்றிப் புலப்படாது. 140க்கு 90 என்ற அளவை எட்டினாலே வைத்தியர் பார்த்தாக வேண்டும். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. கூலிப் பட்டுவாடா நாள் என்று அதனைத் தள்ளிப்போடும் வழக்கத்தை அங்கத்தினர்கள் கைவிடக் கோருகிறோம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், உதிரப்போக்கு, பனிக்குட நீர்க் கசிவு, கடுங்காய்ச்சல் கண்டாலும், சிசுவின் அசைவு குறைந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பாவு முடிய இரண்டு முழமே பாக்கி என்று வீட்டார் காத்திருக்கலாகாது. இரவாயினும் 108 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.