காலையில் பல் மாறிக் கடிக்கிறதா?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு தகட்டைப் பல் வைத்தியர் செய்து கொடுப்பதுண்டு. 'நைட் கார்ட்' என்பார்கள். நுவரெலியாக் குளிரில் சுபஹுக்கு எழும்பி, வுழூச் செய்யுமுன் அதைக் கழற்றுகிறீர்கள். வாயை மூடினால் பல்லோடு பல் பொருந்தவில்லை! ஒரு பக்கம் முந்திப் படுகிறது. இரவோடிரவாக யாரோ பல்வரிசையை மாற்றி வைத்தது போலிருக்கிறது.

பதற வேண்டாம். இரவு முழுவதும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவில்லை. இறுகிக் கிடந்த தசைகள் தளர்ந்து, கீழ்த்தாடை சற்றே இடம் மாறி நிற்கிறது. பல்லின் வேரைச் சுற்றியுள்ள நரம்புகளோ மிக நுட்பமானவை. ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது தலைமுடியிலும் மெல்லிய ஒன்று இடையில் வந்தாலும் கண்டுகொள்ளும். சோற்றில் குறுமணல் கடிபட்டால் உடனே தெரிகிறதல்லவா? அதனால்தான் இம்மியளவு மாற்றமும் பெரிதாகத் தோன்றுகிறது. தேத்தண்ணீர் குடித்து, ரொட்டியை மென்று முடிப்பதற்குள் பெரும்பாலும் பழைய கடி திரும்பிவிடும்.

பகலிலும் திரும்பாமல், நாட்கணக்கில் அப்படியே இருந்தால்தான் கவனம் தேவை. கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டுகின்றனவா? தைக்கும்போது நூலை முன்பல்லால் அறுக்க முடியவில்லையா? (அந்தப் பழக்கமே பல்லுக்கு ஆகாது, அது வேறு கதை.) சில பற்களை மட்டும் மூடும் தகட்டை நீண்டகாலம் போட்டால், மூடாத பற்கள் மெல்ல வளர்ந்து வரக்கூடும், மூடிய பற்கள் அமுங்கக்கூடும். வைத்தியர் சொல்லாமல் இரவும் பகலும் அணிவதும் கூடாது.

இன்னொன்று. "கடி சரியில்லை, கொஞ்சம் ராவி விடுங்கள்" என்று நீங்களே அவசரப்படாதீர்கள். ராவிய எனாமல் மீண்டும் முளைப்பதில்லை. பல்லில் குறையே தெரியாதிருந்தும் கடி பிழைத்துவிட்டதென்று ஓயாது தவிப்பவர்களைப் பற்றி, 1976இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜோசப் மார்பாக் எழுதினார். 'மாயக்கடி' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். இத்தகையவர்களுக்கு எத்தனை தடவை ராவினாலும் நிம்மதி வருவதில்லை. அவர்களுடைய வேதனை பொய்யல்ல. ராவுவது அதற்கு மருந்தல்ல, அவ்வளவுதான்.

முதலில் தகடு செய்து தந்தவரிடமே காட்டுங்கள். மேலதிக பரிசோதனை வேண்டுமென்றால், ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியே இறங்கினால் பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது தகட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய பின் கடி சரியாக எத்தனை நிமிடம் ஆகிறதென்று ஒரு வாரம் குறித்து வைத்த துண்டுக் காகிதமும் கையிலிருந்தால், வைத்தியருக்கு வேலை பாதி குறையும்.