உப்புக் காற்றும் வீடியோ கேம் பெட்டியும்



வீடியோ கேம் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று இங்கே பேசப் போவதில்லை. அதை அவரவர் வீட்டில் உம்மாவும் வாப்பாவும் தீர்மானித்துக் கொள்ளட்டும். வெளிநாட்டிலுள்ள மாமாவோ சாச்சாவோ ஆசையாய் அனுப்பிய பெட்டி, அல்லது சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கிய பெட்டி, இரண்டே வருடத்தில் மூலைக்குப் போய் விடுகிறதே, அது ஏன்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

"பிள்ளைகள் போட்டு உடைத்திருப்பார்கள்" என்பது நாம் உடனே சொல்லும் தீர்ப்பு. கடலோர வீடுகளில் பல நேரம் அந்தத் தீர்ப்பு பிழையானது. குற்றவாளி ஜன்னல் வழியாக வருகிறது. அதுதான் உப்புக் காற்று!

மயிலிட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு அடுத்துள்ள மீன்பிடி ஊர். 1990 ஜூன் மாதம் போரினால் அவ்வூர் மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். 27 வருடங்களுக்குப் பின் திரும்பி வந்தவர்கள் கட்டிலில் இருந்து கரண்டி வரை எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடிய பொருள் வீணாகப் போனால் மனம் எப்படி வலிக்கும் என்பதை, இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. விளக்கு வெளிச்சத்தில் பாடம் படித்த பெண் பிள்ளைகள் இன்று தாய்மார்கள். தாங்கள் சிறு வயதில் கண்டிராத ஒரு யந்திரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது அவர்கள் கையில்!

உப்புச் சாடி சொல்லும் பாடம்

கடலுக்குப் போய் வந்த படகு யந்திரத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது கடல் தொழிலாளர் வழக்கம். உப்பு இரும்பைத் தின்னும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீடியோ கேம் பெட்டியை அப்படிக் கழுவ முடியுமா?

மழைக் காலத்தில் அடுப்படி உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து நீராய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பெட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. உள்ளே இருக்கும் சிறு விசிறி வெளிக்காற்றை இழுக்கும்போது நுண்ணிய உப்பும் தூசியும் சேர்ந்து போய் மின் பலகையில் படிகின்றன. ஈரம் வந்ததும் அந்தப் படிவு உப்பு நீராகி, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கிறது. உப்பு நீரில் மின்சாரமும் பாயும். போகக் கூடாத வழியில் மின்சாரம் போனால் பெட்டி திடீரென்று உயிரை விடும்.

இது மயிலிட்டிக்கு மட்டும் உரிய கதையா? புத்தளம், கற்பிட்டி, மன்னார், காத்தான்குடி, பேருவளை, அக்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை என்று நம்மவர் வாழும் ஊர்களில் பாதி கடலோரத்தில்தானே இருக்கின்றன! ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

* கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். உள் சுவர்ப் பக்கம் வையுங்கள்.

* விளையாடி முடித்து, பெட்டி நன்றாக ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளேயே வியர்த்துப் போகும். இயங்கும் நேரத்தில் எந்தத் துணியும் கூடாது.

* வாரம் ஒரு முறை காய்ந்த, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் காற்றுத் துவாரங்களைத் தட்டி விடுங்கள். ஈரத்துணி துவாரத்தின் பக்கமே போகக் கூடாது.

* நீண்ட பயணம் போனால், புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் வைத்துச் செல்லுங்கள். சிறு பிள்ளைகள் கைக்கு அந்தப் பொட்டலம் எட்டக் கூடாது. ஈரத்துக்கு அரிசியில் புதைப்பது வேண்டாம். அரிசித் தவிடு உள்ளே போய்ப் புதுத் தொல்லை தரும்.

* மாதக் கணக்கில் சும்மா கிடக்கும் பெட்டியைவிட அவ்வப்போது இயங்கும் பெட்டி நன்றாக இருக்கும். இயங்கும் சூடு உள் ஈரத்தை உலர்த்தும்.

வாயால் ஊதாதீர்கள்

1983இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் மலிவான நகல்கள் "டி.வி. கேம்" என்ற பெயரில் நம் பக்கமும் வந்தன. படம் வராவிட்டால் கெசட்டைக் கழற்றி "ஃபூ" என்று ஊதிச் செருகுவது பிள்ளைகளின் வைத்தியம். ஊதவே கூடாது என்று நின்டென்டோவே எச்சரித்தது. மூச்சிலுள்ள ஈரம் உலோக முனைகளை அரிக்கும். கழற்றிச் செருகியதால் முனைகள் சரியாகப் பொருந்துவதை, ஊதியதால் வந்த பலன் என்று நினைத்து விடுகிறோம்.

முனைகளைத் துடைக்க ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சி போதும். பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். இது குடிக்கும் மதுவல்ல, துப்புரவுக்கான இரசாயனம். வாயில் பட்டால் நஞ்சு, நெருப்புக்கும் ஆகாது. மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அதைத் தவிருங்கள்.

இசைத்தட்டுப் போன்ற விளையாட்டுத் தட்டுகளை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். பீங்கானைத் துடைப்பது போல் வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

வெப்பம்

இப்பெட்டிகள் பலவற்றின் கைநூலில் 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கச் சொல்லியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர் பகல் அந்த எல்லையைத் தொட்டு விடுகிறது. எனவே கோடைக் காலத்தில் உச்சி வெயில் நேரத்தை விட்டு அஸருக்குப் பிறகு விளையாடச் சொல்லுங்கள். பெட்டியைச் சுற்றிப் பத்து சென்றி மீற்றர் இடைவெளி விடுங்கள். மெத்தை, கம்பளம், மூடிய அலுமாரி இவை ஆகாது.

வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டிகள் பல, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள் இணைப்புகள் விரிசல் கண்டு, சிவப்பு விளக்கு காட்டி நின்று போயின. 2007 ஜூலையில் அந்நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் கூட மின்வெட்டு நடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். கரண்ட் போவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் போனவுடன் சுவர் சுவிட்சை அணைக்கலாம். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்துப் போடலாம். மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் ஏறி இறங்குவதுதான் பெட்டிக்கு ஆபத்து. இடி முழக்கம் கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். டி.வி.க்குப் போகும் வயரையும் கழற்ற மறக்காதீர்கள். மின்னல் அன்டெனா வழியாகவும் வரும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா? பிளக்கில் போடும் முன் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். "100-240" என்றிருந்தால் பயமில்லை. "120" என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் போட்ட கணமே கருகி விடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ட். அங்கு விற்ற நின்டென்டோ வீ அடாப்டர் அப்படிப்பட்டது. நின்டென்டோ ஸ்விட்ச் அடாப்டரோ 100 முதல் 240 வரை தாங்கும். பிளக் முனையை மட்டும் மாற்றும் சிறு கட்டை வோல்ட்டைக் குறைக்காது.

கைப்பிடியும் பூச்சியும்

கன்ட்ரோலரில் படுவதும் உப்புத்தான், கை வியர்வை! விளையாடியதும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடன் காய்ந்த துணியாலும் துடைக்கச் சொல்லுங்கள். பெட்டரி போடும் வகையானால், பாவிக்காத நாட்களில் பெட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் முனைகள் அரிக்கும். உள்ளேயே பெட்டரி உள்ள ஸ்விட்ச் போன்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் சார்ஜ் செய்ய வேண்டும். பெட்டரி வீங்கித் தெரிந்தால் அன்றே பாவனையை நிறுத்துங்கள்.

கரப்பானுக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான பெட்டி சொந்த வீடு மாதிரி. அதன் பக்கத்தில் பிஸ்கட், தேநீர் அனுமதிக்காதீர்கள். பூச்சி மருந்தைத் துவாரத்துக்குள் அடிப்பது பெட்டியைக் கொல்லும்.

பழுதாகும் முன்பே

விசிறி வழமைக்கு மாறாக இரைந்தால், தானாக அணைந்தால், கருகல் வாடை வந்தால் காத்திருக்காதீர்கள். திறந்து சுத்தம் செய்து, உள்ளே வெப்பம் கடத்தும் பசையை மாற்றுவதோடு காரியம் முடியலாம். ஆனால் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள் பாகங்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். கடைக்குக் கொடுக்கும் முன், பிளேஸ்டேஷன் 4 போன்றவற்றில் பிள்ளையின் விளையாட்டுப் பதிவுகளை யூ.எஸ்.பி.யில் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள்.

புதிது வாங்கிக் கொள்ளலாம் என்று இலேசாகச் சொல்லவும் முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும்.

இத்தனையையும் நீங்களே சுமக்க வேண்டும் என்பதில்லை. பிரஷ்ஷையும் துணியையும் மகனிடமோ மகளிடமோ கொடுத்து, "வெள்ளிக்கிழமை காலையில் இது உன் வேலை" என்று சொல்லிப் பாருங்கள். உப்புச் சாடியைத் திறந்து காட்டி, காரணத்தையும் விளக்குங்கள். காரணம் புரிந்த பிள்ளை பொருளைப் பேணும். இன்ஷா அல்லாஹ், அந்தப் பெட்டி அடுத்த தம்பி தங்கைக்கும் உதவும்.