எதிரிக்கு முதுகு காட்டி நின்ற கான்கிரீட் அரண்கள்

செக் குடியரசின் எல்லையோரக் காடுகளிலும் வயல்வெளிகளிலும் பாசி படிந்த சிறிய கான்கிரீட் அறைகள் இன்றும் நிற்கின்றன. 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மானியப் படையைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில், ஜெர்மனி இருந்த பக்கத்துச் சுவரில் ஒரு துளைகூட இல்லை. இயந்திரத் துப்பாக்கிக்கென்றே எழுப்பிய அறை, எதிரி வரும் திசையைப் பார்க்காமல் நிற்பது ஏன்?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1935-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியா அரண் பணிகளுக்கெனத் தனி இயக்குநரகம் அமைத்தது. மாஜினோ அரண்வரிசையைக் கட்டிய பிரான்ஸ் ஆலோசனை தந்தது. பெரிய கோட்டைகளோடு சிறிய பதுங்கு அறைகளும் எழுந்தன. இயக்குநரகத்தின் பெயர்ச் சுருக்கத்தை ஒட்டி இவற்றை ‘ரோபீக்’ என்றே மக்கள் அழைக்கிறார்கள். 1938 இலையுதிர்காலத்துக்குள் ஏறத்தாழ 10,000 அறைகள் தயாராகிவிட்டன.

முதலில் வந்த 1936 மாதிரி பெரும்பாலும் நேர் எதிரே சுட்டது. எதிரே சுடும் துளை, எதிரியின் பீரங்கிக்கும் நேரான இலக்கு. 1937 மாதிரி இந்தக் குறையைத் தீர்த்தது. அதில் அதிகம் கட்டப்பட்ட ‘ஏ’ வகையில் சுடுதுளைகள் இடமும் வலமும் பக்கவாட்டில்தான். முன்சுவர் 80 சென்டிமீட்டர் கனம். வலுவூட்டிய வகையில் 120. முன்சுவரை ஒட்டிக் கல்லும் மண்ணும் குவித்தார்கள்.

தன் முன்னால் வருபவனை இந்த அறையால் சுட முடியாது. அந்த வேலை பக்கத்து அறைகளுடையது. சில நூறு மீட்டருக்கு ஒன்றாக நின்ற அறைகளின் குண்டுகள், முள்வேலிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். முன்னேறுபவனுக்கு அடி விலாவில் விழும். சுடும் அறையோ அவன் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வோர் அறையின் உயிரும் அண்டை அறையின் கையில் இருந்தது.

உள்ளே ஏழு பேர் வரை இருப்பார்கள். கூரையில் பெரிஸ்கோப், புகையை வெளியேற்றக் கையால் சுற்றும் விசிறி, வாசலை நெருங்குபவன்மீது கையெறிகுண்டை உருட்டிவிட ஒரு குழாய். கான்கிரீட்டை இடைவிடாமல் ஒரே மூச்சில் ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் விழும் இணைப்புதான் குண்டடியில் முதலில் பிளக்கும்.

ஆயுதங்களில் ஒன்று பிர்னோ நகரத் தொழிற்சாலையின் 1926 மாதிரி இலகு இயந்திரத் துப்பாக்கி. அதிலிருந்து பிறந்ததுதான், இந்திய ராணுவம் பல பத்தாண்டுகள் சுமந்த ‘பிரென்’.

1938 செப்டம்பர் 23 அன்று செக்கோஸ்லோவாக்கியா முழுப் படைதிரட்டலை அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஒரு வாரத்தில் மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு எழுதிக்கொடுத்தன. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் இடமே தரப்படவில்லை. நிலத்தோடு அரண்களும் கைமாறின. ஜெர்மானியர்கள் அவற்றின்மீது பீரங்கி சுட்டுச் சோதித்தார்கள். எஃகுக் கவசங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். 1945-இல் ஒஸ்திராவா நகருக்கு அருகே, முன்னேறிவந்த சோவியத் படையை அதே அரண்களில் பதுங்கியே எதிர்த்தார்கள்.

போருக்குப் பின் மிஞ்சிய அறைகள் பலவற்றைப் பின்னாளில் செக் பாதுகாப்பு அமைச்சகம் தனியாருக்கு விற்றது. வாங்கிய ஆர்வலர்கள் கதவு, சுடுதுளைச் சட்டம், மறைப்பு வண்ணம் எல்லாவற்றையும் பழைய வரைபடப்படி மீட்டெடுத்து வருகிறார்கள். இந்த உழைப்பு பெரிதும் போற்றத்தக்கது. தன்னைக் காத்துக்கொள்ள அந்த நாடு எவ்வளவு தூரம் தயாராக இருந்தது என்பதற்கு இவைபோல் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று வேறில்லை. ஒஸ்திராவாவுக்கு அருகே தார்கொவிச்கி கிராமத்து அரண் அருங்காட்சியகத்தில், சிறிய அறைகளையும் பெரிய கோட்டைகளையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். எந்த அறை எதைக் காத்தது என்பது அங்கே நடந்து பார்த்தாலே விளங்கிவிடும்.