களைக்கொட்டு: சிறிய சரக்கு, நிலைத்த வியாபாரம்

ஆடிப்பட்டத்தில் விதைத்தவர் ஆவணியில் களைக்கொட்டு தேடிக் கடைக்கு வருவார். கார்த்திகை மழை ஓய்ந்ததும் வீட்டுத் தோட்டக்காரரும் வருவார். இரும்புக்கடை, விதைக்கடை, உரக்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் அறிந்ததே இது. கல்லாவில் பெரிய தொகை சேர்க்காத சரக்கு என்பதால் இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால், ஒரு கடையின் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் இதுபோன்ற சில்லறைச் சாமான்கள்தான்.

இன்று இருவகைச் சரக்கு கிடைக்கிறது. ஒன்று, தகட்டில் வெட்டி, குழாய்ப்பிடி பற்றவைத்து, வர்ணம் பூசிப் பெட்டியில் வருவது. மற்றொன்று, உள்ளூர்க் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்தது. முதல் வகை பார்வைக்கு அழகு; தொட்டியிலும் மணற்பாங்கான பாத்தியிலும் வேலை செய்யும். காய்ந்த செம்மண்ணிலோ கரிசலிலோ மெல்லிய தகடு வளைந்துவிடும். அப்போது வாடிக்கையாளர் திட்டுவது தொழிற்சாலையை அல்ல, நம்மை.

பட்டறையில் நடப்பது

நல்ல களைக்கொட்டுக்குக் கொல்லர்கள் விரும்பும் இரும்பு, பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கரிச்சத்து அதிகம். ஆகவே தோய்ச்சல் ஏறும். சாதாரணத் தகட்டில் எவ்வளவு தோய்த்தாலும் ஏறாது. அடித்து உருவாக்கிய பின், வாய்ப்பகுதியைச் செஞ்சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும். எனவே மீண்டும் இளஞ்சூடு காட்டுவார்கள். தேய்த்த வாயில் வைக்கோல் நிறம் எழுந்து, பழுப்பாகி, நீலம் தட்டும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதில்தான் கொல்லரின் அனுபவம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மகனோ சீடனோ பட்டறையில் நின்றால்தான் நாளை நமக்குச் சரக்கு.

கொள்முதலில் பார்க்க வேண்டியவை

1. வாயில் அரத்தை இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல் கடித்தால் தோய்ச்சல் இல்லை. சற்றே வழுக்கினால் நல்லது.

2. பிடி வேலமரம் போன்ற வைர மரமாக, ஈரம் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் கடையிலேயே சுருங்கிப் பூண் கழன்றுவிடும்.

3. தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மங்கிய ஒலி வந்தால் விரிசலோ, தளர்ந்த பிடியோ இருக்கலாம்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை

விற்பதோடு நிற்காமல் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் அவர் மறுபடியும் நம்மிடமே வருவார். இளங்களைக்கு அகன்ற வாய் போதும். மேல்மண்ணைச் சுரண்டினாலே வேர் அறுபடும். கோரைக்கு அது பயன்படாது. மண்ணுக்குள் கிழங்கு இருப்பதால் மேலே வெட்ட வெட்டத் துளிர்க்கும். குறுகிய, கூர்மையான வாயால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். வெயில் நாளில் கொத்தினால் களை வாடிச் சாகும். ஈர மண்ணில் போட்டுவிட்டால் மீண்டும் வேர் பிடிக்கும். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள். குந்தி வேலை செய்ய முடியாதவர்களுக்கு, நின்றபடி இழுக்கும் நீளப்பிடிக் கருவியையும் வாங்கி வையுங்கள்.

கணக்கும் கடமையும்

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலானபோது மண்வெட்டி, கொத்து முதலிய விவசாயக் கைக்கருவிகள் வரிவிலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. தனியாக விற்கும் மரப்பிடி வேறு தலைப்பில் வருவதால், கணக்கரைக் கேட்டுப் பில் போடுவது நலம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். கொல்லர் கரியையும் இரும்பையும் ரொக்கத்துக்கு வாங்குகிறார். சரக்கு விற்ற பிறகு பணம் தருவது என்றால், அவரது முதல் நம் கடை அலமாரியில் முடங்கிவிடும். அடுத்த பட்டத்துக்கு உலை எரியாது. பெரிய கம்பெனிக்கு முன்பணம் கட்டுகிற நாம், பக்கத்துத் தெருக் கொல்லருக்குப் பாதித் தொகையாவது முன்பணமாகத் தரலாம். பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தால் அவரும் நிதானமாக அடிப்பார், தரமும் குறையாது. தேய்ந்த கருவியை வாங்கி, வாய் அடித்துத் திருப்பித் தரும் ஏற்பாட்டையும் அவருடன் செய்துகொள்ளலாம். புதிது விற்கும் லாபம் அன்றைக்கு ஒன்று குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் விதைக்கும் உரத்துக்கும் வேறு கடை தேட மாட்டார்.

பட்டறை ஒருமுறை மூடினால் மீண்டும் திறப்பது அரிது. உறுப்பினர்கள் இதை மனதில் கொண்டு வரும் பட்டத்துக்கான கொள்முதலைத் திட்டமிடுமாறு வேண்டுகிறோம்.