வந்தவர்கள் 40 பேர்... மாறியது என்ன?

சமூகப் பணியாளர்களுக்கு மதிப்பீட்டுப் பயிற்சி ஏன் அவசியம்?

ஒரு தொண்டு நிறுவனம், ஒரு கிராமத்தில் 40 பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் விழா, சான்றிதழ், குரூப் போட்டோ. ஆண்டறிக்கையில் ‘40 பெண்களுக்கு வாழ்வாதாரப் பயிற்சி’ என்று ஒரு வரி ஏறிவிடும். பணம் கொடுத்தவருக்கும் திருப்தி, நடத்தியவருக்கும் திருப்தி.

ஒரு வருஷம் கழித்து அதே ஊருக்குப் போய், “இப்போது எத்தனை பேர் தைக்கிறீர்கள்? மாதம் கையில் எவ்வளவு நிற்கிறது? மெஷினை விற்றுவிட்டவர்கள் யார்? ஏன் விற்றீர்கள்?” என்று யாராவது கேட்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். அதற்குள் அடுத்த ஊர், அடுத்த பேட்ச் வந்துவிடும்.

இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்டு, பதிலை நேர்மையாக எழுதி, அதை வைத்துத் திட்டத்தைத் திருத்துவதற்குப் பெயர்தான் ‘திட்ட மதிப்பீடு’. அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக் குழு ஒருங்கிணைப்பாளர், போதை மறுவாழ்வு மைய ஆலோசகர், குழந்தைகள் இல்லப் பணியாளர் என மனிதர்களோடு நேரடியாக வேலை செய்கிற எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது. ஆனால், அவர்களில் பலருக்குப் பதிவேடு நிரப்பக் கற்றுத்தந்த அளவுக்கு, அந்தப் பதிவேட்டைப் படித்துப் பார்க்கக் கற்றுத்தருவதில்லை.

நல்ல மனசு மட்டும் போதுமா?

‘நல்லது செய்கிறோம், அதை எதற்கு அளந்து பார்க்க வேண்டும்?’ என்று தோன்றலாம். அதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய அமெரிக்கக் கதை இருக்கிறது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்கள். சிறுவர்கள் வழிதவறிப் போகாமல் தடுக்க, டாக்டர் ரிச்சர்ட் கேபட் ஒரு திட்டம் வகுத்தார். 1939 முதல் 1945 வரை அது நடந்தது. ஆலோசகர்கள் சிறுவர்களின் வீடு தேடிப் போனார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கவும் மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்தார்கள், கோடைக்கால முகாம்களுக்கு அனுப்பினார்கள். குறை சொல்ல எதுவுமே இல்லாத திட்டம்.

ஆனால், கேபட் ஒரு காரியம் செய்திருந்தார். 506 சிறுவர்களை, ஒருவருக்கு ஒருவர் ஒத்துப்போகிற ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் யாருக்கு உதவி என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார். அதனால், உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

சுமார் 30 வருஷம் கழித்து ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப்போனார். அவர்கள் நடுத்தர வயதைத் தொட்டிருந்தார்கள். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், “அந்தத் திட்டம் எனக்கு உதவியாக இருந்தது” என்றே சொன்னார்கள். ஆனால் நீதிமன்ற, மருத்துவ, இறப்புப் பதிவுகள் வேறு கதை சொல்லின. குடிப்பழக்கம், கடுமையான மனநோய், இளம் வயதிலேயே மரணம், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்கள்... பல விஷயங்களில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. 1978-ல் வெளியான இந்த முடிவு சமூகப் பணித் துறையையே உலுக்கியது. பிறகு நடந்த அலசலில், முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால், ‘பிடித்திருந்ததா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தால், இந்த உண்மை கடைசிவரை வெளியே வந்திருக்காது.

மாமியாரை மறந்த திட்டம்

அடுத்த கதை நம் ஊரில் தொடங்குகிறது.

1980-ல் உலக வங்கி உதவியோடு ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்’ ஆரம்பமானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் துணை உணவு. கூடவே தாய்க்கு ஆலோசனை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. உலகமே எடுத்துப் பேசிய திட்டமாக அது ஆனது.

இதே பாணியில் 1990-களின் நடுவில் வங்கதேசத்திலும் ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. அதே எடை பார்த்தல், அதே துணை உணவு, தாய்மார்களுக்கு அதே ஆலோசனை. ஆனால், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று மதிப்பீடுகள் சொல்லின.

ஏன்? அங்கே பல வீடுகளில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது கணவன். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியை ஆள்வது மாமியார். யார் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்பவர்களை விட்டுவிட்டு, மருமகளை மட்டும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது, செய்யத்தான் அதிகாரம் இல்லை. போதாக்குறைக்கு, மையத்தில் உணவு கிடைக்கிறதே என்று சில வீடுகளில் குழந்தையின் வழக்கமான பங்கையும் குறைத்துவிட்டார்கள். நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞர் இந்த ‘மாமியார் பிரச்னை’யை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒரு வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பது அந்தத் தெருவுக்கே போய்வருகிற களப்பணியாளருக்கு நன்றாகவே தெரியும். திட்டம் தீட்டும் மேஜையில் அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததை ஆதாரமாக மாற்றி, மேலே உள்ளவர்கள் மறுக்க முடியாதபடி முன்வைக்கும் திறமையைத்தான் இந்தப் பயிற்சி தருகிறது.

பயிற்சியில் என்ன இருக்கும்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 1999-ல் ஆறு படிகள் கொண்ட ஒரு வழிமுறையை வெளியிட்டது. உலகெங்கும் பல பயிற்சிகள் இதை ஒட்டியே நடக்கின்றன. நம் தையல் பயிற்சியையே வைத்துப் பார்ப்போம்.

1. சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டு: பயிற்சி பெற்ற பெண்கள், வீட்டார், சொல்லித்தந்தவர், உள்ளூர்த் தையல் கடைக்காரர், பணம் கொடுத்தவர் என எல்லோரிடமும் ‘நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று கேட்பது.

2. திட்டத்தை வரைந்து பார்: மெஷின், டீச்சர், பணம் ஆகியவை நாம் போடுவது. வகுப்பு, நாம் செய்வது. 40 சான்றிதழ், உடனே கையில் கிடைப்பது. வருமானம் கூடுவதுதான் உண்மையான விளைவு. சான்றிதழுக்கும் வருமானத்துக்கும் நடுவில் ஆர்டர் பிடிப்பது, துணி வாங்க முதல், வேலை செய்ய வீட்டில் நேரம் என எத்தனை படிகள் இருக்கின்றன என்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

3. கேள்வியைக் குறுக்கு: எல்லாவற்றையும் அளக்க முடியாது. ‘ஒரு வருஷம் கழித்தும் தையலில் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர்?’ என்பதுபோல இரண்டு, மூன்று கேள்விகள் போதும்.

4. நம்பகமான தகவலைத் திரட்டு: பயிற்சி தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் வருமானத்தையும் குறித்துவைப்பது முக்கியம். இதை ‘பேஸ்லைன்’ என்பார்கள். அது இல்லாவிட்டால், பின்னால் எதோடு ஒப்பிடுவது?

5. நியாயமான முடிவுக்கு வா: கிடைத்த எண்ணிக்கை நல்லதா, கெட்டதா என்பதை எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறோம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது.

6. பயன்படுத்து: அறிக்கை அலமாரிக்குள் போனால் எல்லாம் வீண். அடுத்த பேட்ச்சில் என்ன மாற்றப்போகிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதில் சொன்ன பெண்களுக்கும் முடிவைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஒப்பிட ஆள் வேண்டும்

‘பயிற்சிக்குப் பிறகு வருமானம் கூடியது’ என்று தெரிந்தாலே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அந்த வருஷம் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலை வந்து, பயிற்சி எடுக்காதவர்களின் வருமானமும் கூடியிருந்தால்? அதனால்தான் திட்டம் எட்டாதவர்களோடு ஒப்பிடுவது அவசியமாகிறது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அங்கன்வாடி ஊழியரின் தலையில் முன்பருவக் கல்வி, சத்துணவு, வீடு சென்று பார்ப்பது, பதிவேடு என எல்லா வேலையும் விழுகிறது. கூடுதலாக ஒரு பகுதிநேர ஊழியரை, பாடம் சொல்லித்தர மட்டும் நியமித்தால் என்ன ஆகும்? 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதல் ஊழியர் தரப்பட்டார். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் முடிவை அலசினார்கள். கூடுதல் ஊழியர் இருந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணக்கு, மொழித் திறன் உயர்ந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. பாடச் சுமை குறைந்ததால், பழைய ஊழியரால் ஊட்டச்சத்துப் பணியில் அதிக நேரம் செலவிட முடிந்தது.

‘எங்களுக்கு வேலை அதிகம்’ என்று ஊழியர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னால் அது புலம்பலாக எடுத்துக்கொள்ளப்படும். இப்படி அளந்து காட்டினால் அதுவே ஆதாரம் ஆகிவிடுகிறது.

எண்ணிக்கை அழகானால் ஆபத்து

மதிப்பீட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஒரு எண்ணிக்கையை வைத்தே பாராட்டும் தண்டனையும் வரும் என்றால், அந்த எண்ணிக்கையே கெட்டுப்போகும் என்று 1970-களிலேயே எச்சரித்தார் உளவியலாளர் டொனால்ட் கேம்பல்.

எடை குறைந்த குழந்தைகள் அதிகம் என்று எழுதினால் மீட்டிங்கில் திட்டு விழும் என்று ஓர் ஊழியர் பயந்தால் என்ன செய்வார்? பென்சில் கொஞ்சம் நகரும். பதிவேட்டில் குழந்தை ‘நார்மல்’ ஆகிவிடும். எடை குறைவு என்று எழுதியிருந்தால் அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் உணவும் மருத்துவப் பரிந்துரையும் அந்தப் பென்சில் கோட்டோடு போய்விடும். எனவே, இந்தப் பயிற்சி களப்பணியாளருக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு மேலதிகாரிக்கும் தேவை. மோசமான எண்ணிக்கையைக் கொண்டுவருபவரை உட்காரவைத்து, ‘என்ன செய்யலாம் சொல்லுங்கள்?’ என்று கேட்கப் பழகும் அலுவலகத்தில்தான் உண்மையான எண்ணிக்கை மேலே வரும்.

கேட்பதிலும் ஒரு நாகரிகம்

சேவை கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்து, “நல்லா இருந்துச்சாம்மா?” என்று கேட்டால், “நல்லா இருந்துச்சுங்க” என்றுதான் பதில் வரும். வேறொருவர் கேட்க வேண்டும், பதிலைத் திணிக்காத கேள்வியாக இருக்க வேண்டும், நாலு பேரிடம் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சில கேள்விகள் ஆபத்தானவையும்கூட. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் கணவன் காதில் விழும்படி அதைக் கேட்டால், அந்த ராத்திரி என்ன நடக்கும்? இப்படிப்பட்ட ஆய்வுகளில் தனிமை, சம்மதம், ரகசியம் ஆகியவை கட்டாயம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. ‘பதில் சொல்ல மாட்டேன்’ என்று சொன்னால், அதனால் எந்த உதவியும் நிற்காது என்ற உறுதியையும் முதலிலேயே தர வேண்டும்.

எங்கே கற்கலாம்?

இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1952 அக்டோபரில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, அதை மதிப்பிடத் திட்டக் கமிஷனின் கீழ் தனி அமைப்பு உருவானது. அந்தப் பணியை இப்போது நிதி ஆயோக்கின் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலகம் செய்கிறது. அதே 1952-ல்தான் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் கல்லூரியும் தொடங்கப்பட்டது. சமூகப் பணி முதுகலைப் படிப்பில் ஆராய்ச்சி முறைகள் ஒரு பாடம். அமெரிக்காவில் சமூகப் பணிக் கல்விக்கான அங்கீகார அமைப்பு, மாணவர்கள் பெற்றிருக்க வேண்டிய ஒன்பது திறன்களில் ஒன்றாக மதிப்பீட்டை வைத்திருக்கிறது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் நிறுவனர்களாக இருக்கும் ‘ஜெ-பால்’ அமைப்பின் ஆன்லைன் பாடங்களைப் பார்க்கலாம்.

வேலைவாய்ப்பும் இருக்கிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விதிகளில் 2021-ல் வந்த திருத்தத்தின்படி, இதற்காக ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய கம்பெனிகள், ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள தங்கள் திட்டங்களின் தாக்கத்தை வெளி அமைப்பை வைத்து மதிப்பிட்டாக வேண்டும். களத்தையும் கணக்கையும் சேர்த்துத் தெரிந்தவர்களுக்கு இங்கே கிராக்கி உண்டு.

களப்பணியாளர் இல்லாத நமக்கு இதில் என்ன? பிறந்தநாளுக்கோ, பெற்றோர் நினைவு நாளுக்கோ ஏதாவது ஓர் இல்லத்துக்கு, அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்கள்தானே நாம். அடுத்த முறை கொடுக்கும்போது, எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “போன வருஷம் எது சரியாக வரவில்லை? அதற்காக எதை மாற்றினீர்கள்?” தயங்காமல் பதில் சொல்கிற அமைப்பை நம்பிப் பணம் கொடுக்கலாம்.