கடன் கொப்பி கைத்தொலைபேசியில், பிரதி எங்கே?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தோட்ட மக்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிகள் சிலர் இப்போது கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே வைத்துள்ளனர். பாக்கித் தொகை, அடையாள அட்டைப் படம் எல்லாம் அதில்தான். பிரதி எடுக்க இரு வழிகள் உண்டு.

ஒன்று 'கிளவுட்'. இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணனியில் தானாகச் சேரும். கூகுளில் 15 ஜீபி வரை இலவசம். போன் தொலைந்தாலும் கணக்கு மிஞ்சும். ஆனால் கடவுச்சொல் அறிந்தவர் எங்கிருந்தும் பார்க்கலாம். (ஈமெயில் கணக்கைக் கடைப் பையனைக் கொண்டே திறந்தவர்கள் கவனிக்க!) கிளவுட்டும் அழியாததல்ல. 2023இல் இலங்கை அரச கிளவுட் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன. அக்காலத்துக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

மற்றது, வயர் மாட்டிச் சொந்தக் கணனியில் இறக்குவது. விபரம் கடையை விட்டு வெளியேறாது. ஆனால் 2025 நவம்பர் 'டித்வா' புயலின்போது மலையகம் கண்டதுபோல் மண்சரிவு வந்தால் போனும் கணனியும் சேர்ந்தே போகும்.

எனவே பிறரது கடன் விபரமும் அட்டைப் படமும் கணனியில் இருக்கட்டும். இன்னொரு பிரதி பென்ட்ரைவில் வீட்டில் இருக்கட்டும். வட்ஸ்அப் ஓடர்களைக் கிளவுட்டில் வைக்கலாம். அந்தப் பிரதிக்குத் தனிக் கடவுச்சொல் போடும் வசதி 2021 முதல் உண்டு. அதை மறந்தால் வட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.