பிறப்பைக் கேள்வி கேட்கும் படிப்பு

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு காலனி. அங்கே நடக்கும் மாலை நேரப் பாடசாலைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். விலங்கியல் பி.எஸ்சி. கடைசி ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, பரிணாமம் பத்தி மட்டும் எடுத்து மேல படிக்க முடியுமா?"

பக்கத்தில் நின்ற அவள் அப்பா சிரித்தார். "அதப் படிச்சா யார் சார் வேலை குடுப்பாங்க? பி.எட். முடிச்சா டீச்சராவது ஆவலாம்."

கரும்பு வெட்டி மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு, மகள் கேட்டதிலும் நியாயம் உண்டு. இருவருக்கும் அன்று நான் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன, ஒரு சிற்றினம் எப்படிப் பலவாகப் பிரிகிறது என்று ஆராய்வதுதான் பரிணாம உயிரியல். கோமுகி அணைக்கரையில் நின்று மேற்கே பாருங்கள், கல்வராயன் மலை தெரியும். தெற்கே பச்சைமலை, அதைத் தாண்டிக் கொல்லிமலை, மேற்கே சேர்வராயன், வடக்கே ஜவ்வாது. நமக்கு இவை மலைகள். குளிர்ந்த உயரத்தில் மட்டும் வாழும் ஒரு சிறு பல்லிக்கோ இவை தனித்தனித் தீவுகள். நடுவில் கிடக்கும் வெக்கையான சமவெளியை அதனால் கடக்க முடியாது. ஒவ்வொரு மலையிலும் தனித்து வாழ்ந்து, பல லட்சம் ஆண்டுகளில் வேறு வேறு சிற்றினமாகிவிடுகிறது. தென்னிந்திய மலைகளில் இப்படிப் பிரிந்த மெலிந்த பல்லி வகைகள் சுமார் 12 இருப்பதை 2019இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. அவற்றில் ஒன்றுக்குக் கொல்லிமலையின் பெயரையே வைத்தார்கள்.

சாதாரண முதுநிலைப் படிப்பில் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதுகிறோம். ஆய்வு சார்ந்த முதுநிலைப் படிப்பில் மாணவரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டில் மாதிரி சேகரிக்கலாம், ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரிக்கலாம், கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். கடைசியில் ஆய்வேடு எழுதி, கேட்பவர் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். விடையை ஒப்பிக்கிறவர் அங்கே கேள்வி கேட்கிறவர் ஆகிறார்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம்மை ஊருக்கு வெளியே வைத்ததற்குச் சொல்லப்பட்ட ஒரே காரணம் பிறப்பு. அந்தப் பிறப்பைத்தான் இந்த அறிவியல் ஆராய்கிறது.

1916 மே 9. நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிப்பது என்று அவர் காட்டினார். அந்த மாணவர் அம்பேத்கர். அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களை வளர்த்து, மரபுப் பண்புகள் தலைமுறை தாண்டி எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று தனித்தனியே நடந்த அந்த இரண்டு ஆய்வுகளும் நூறாண்டு கழித்து ஒன்றாகச் சந்தித்தன. ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, 73 இந்தியக் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டு மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகே அகமணம் இறுகி, கலப்பு அரிதாகிவிட்டது. கலப்பில்லாத குலம் என்று மார்தட்டிக்கொள்ள இங்கே ஆளில்லை.

2017இல் வந்த இன்னொரு ஆய்வு, 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், சில மூதாதையரிலிருந்தே பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்து வந்ததன் தடயத்தைப் பலமாகக் கொண்டிருந்தன. இப்படிப்பட்ட குழுக்களில் சில பரம்பரை நோய்கள் கூடுதலாக வர வாய்ப்புண்டு. சாதி ஊரைப் பிரித்ததோடு நிற்கவில்லை, உடம்புக்குள்ளும் நோயாக இறங்கியிருக்கிறது.

யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கை அளந்து சாதிக்கு மேல் கீழ் சொன்னார். அதே மூக்களவுக் கணக்கை எடுத்துவைத்தே, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் உடைத்தார். புள்ளிவிவரம் இருவர் கையிலும் இருந்தது. கேட்ட கேள்விதான் வேறு.

இந்த அறிவியலின் தொடக்கத்திலும் நம்மைப் போன்ற ஒருவர் உண்டு. எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போன இளைஞர் டார்வின், பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் வேலையை ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பின மனிதரிடம் காசு கொடுத்துக் கற்றார். எட்மன்ஸ்டன் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். டார்வின் பெயரை உலகமே சொல்கிறது. எட்மன்ஸ்டனை எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மலையிலும் அதே நிலைதான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையின் பழங்குடிகளுக்குக் கடுக்காய் மரமும் தேனடையும் பல்லியும் பாம்பும் அத்துப்படி. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு வழிகாட்டியாகப் போகும் இளைஞர், ஆய்வுக் கட்டுரையை எழுதுகிறவராக வேண்டாமா?

வழிகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுதி, திருப்பதி, திருவனந்தபுரம், புனே போன்ற ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். கடைசி ஆண்டு முழுக்க ஆய்வுதான். பி.எஸ்சி. முடிப்பவர்களுக்கு ஜாம் தேர்வு. வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் ஜவஹர்லால் நேரு மையமும் இத்தகைய தேர்வின் வழியே ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கு ஆள் எடுக்கின்றன. முதுநிலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த இதற்கு மாத உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது.

வெளிநாட்டிலும் வாய்ப்புண்டு. ஐரோப்பாவில் குரோனிங்கன், உப்சாலா, மியூனிக், மோன்பெலியே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பரிணாம உயிரியலுக்கென்றே ஆய்வு சார்ந்த ஈராண்டு முதுநிலைப் படிப்பை நடத்திவருகின்றன. வெளிநாட்டில் படிக்கப் போகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் மத்திய அரசும் உதவித்தொகை தருகின்றன.

தடைகளை மறைக்கத் தேவையில்லை. பாடம் முழுக்க ஆங்கிலம். கணக்கும் புள்ளியியலும் நன்றாகத் தெரிய வேண்டும். முனைவர் பட்டம் வரை போனால் ஆறேழு ஆண்டுகள் ஓடிவிடும். அங்கே போன பிறகும் 'கோட்டாவில் வந்தவள்' என்ற பேச்சு காதில் விழலாம். பெரும்பாலும் நம் பிள்ளைகள் தோற்பது தேர்வில்கூட இல்லை, தேர்வு நடப்பதே தெரியாமல் போவதில்தான். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் இந்தத் தேதிகளை வகுப்பில் சொன்னாலே பாதித் தடை நீங்கும்.

வேலை? பூச்சி மருந்துக்குச் சாகாத புழு, மாத்திரைக்கு அடங்காத காசநோய்க் கிருமி, உருமாறிக்கொண்டே வந்த கொரோனா எல்லாம் பரிணாமம்தான். வேளாண்மை, மருத்துவம், வனம், கல்லூரி என நான்கு பக்கமும் இந்தப் படிப்புக்குத் தேவை இருக்கிறது. வேலை உடனே கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பி.எட். முடித்தவருக்கும் அந்த உறுதி இல்லைதானே.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் நோட்டில் தேர்வுகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பெங்களூருக்குச் சேலம் போயிதான் பஸ் மாறணுமா சார்?"